ஹேடன் கோவிங்டன்

ஹேடன் கூப்பர் கோவிங்டன் (ஜனவரி 19, 1911 – நவம்பர் 21, 1978) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் ஆவார். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவ சமயப் பிரிவின் இலாப நோக்கற்ற அமைப்பான காவற்கோபுரக் கழகத்தின் சட்டப் பிரிவுக்கு இவர் 1939 முதல் 1963 வரை தலைமை தாங்கினார். அக்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சமய உரிமை, பேச்சுரிமை, கட்டாயப் படைச்சேவை தொடர்பான ஏறத்தாழ நாற்பது வழக்குகளில் வாதாடி, அவற்றுள் பெரும்பாலானவற்றில் வெற்றி பெற்றார். 1967இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்காக வாதாடியதனாலும் அறியப்படுகிறார்.

இவர் வாதாடிப் பெற்ற தீர்ப்புகள் ஒரு சிறிய சமயப் பிரிவின் தேவைக்காகத் தொடங்கியவை. ஆனால் அவற்றின் பயனை அப்பிரிவை அறவே விரும்பாதவர்களும் பெற்றனர். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் இத்தீர்ப்புகளைப் படிக்கின்றனர். வாதாடியவரின் பெயர் அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

இளமைக்காலம்

கோவிங்டன் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, பண்ணைச் சூழலில் வளர்ந்தார். சான் அன்டோனியோ நகரில் பகலில் வேலை பார்த்துக்கொண்டு சட்டம் பயின்ற இவர், 1933இல் டெக்சாசில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். காவற்கோபுரக் கழகத்தின் தலைவரான ஜோசப் ரதர்ஃபோர்டின் வானொலி உரைகள் அவரை ஈர்த்தன. 1930களின் நடுப்பகுதியில் அப்பிரிவில் சேர்ந்த அவர், வீடு வீடாகச் சென்று நூல்களை வழங்கியதற்காகக் கைது செய்யப்பட்ட உள்ளூர் உறுப்பினர்களுக்காக வாதாடத் தொடங்கினார். ரதர்ஃபோர்டும் ஒரு வழக்கறிஞரே. டெக்சாசில் இந்த இளைஞரின் பணியை அறிந்த அவர், 1939இல் இவரை நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த தலைமையகத்துக்கு அழைத்துக்கொண்டார். அதுவரை சட்டப் பிரிவை நடத்திவந்த ஒலின் மாயில் தலைமையுடன் முரண்பட்டு வெளியேறியதால் அப்பொறுப்பு 28 வயதான கோவிங்டனிடம் வந்து சேர்ந்தது.

சட்டப் பிரிவு இயங்கிய விதம்

இந்தச் சட்டப் பிரிவு 1930களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டது. கைதானவர்களிடம் அது கட்டணம் வாங்கவில்லை. அதில் பணிபுரிந்தவர்கள் தலைமையகத்திலேயே தங்கி, உணவும் உறைவிடமும் சிறிய கைச்செலவுத் தொகையும் மட்டும் பெற்றனர். பிற்காலத்தில் அமெரிக்காவில் சமய உரிமைக்கென இலாப நோக்கற்ற சட்ட நிறுவனங்கள் பல தோன்றின. 1994இல் அமைந்த பெக்கெட் நிதியம் அவற்றுள் ஒன்று. அவற்றின் முன்னோடிகளில் ஒன்றாக இந்தப் புரூக்ளின் அலுவலகத்தைக் கொள்ளலாம்.

ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் கைது நிகழ்ந்தபோது, ஒரு சில வழக்கறிஞர்களால் எல்லா இடங்களுக்கும் செல்ல இயலாது. எனவே உறுப்பினர்கள் தாங்களே வாதாடுவதற்குப் பழக்கப்படுத்தப்பட்டனர். விசாரணை எந்த வரிசையில் நடக்கும், எந்த இடத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், அரசியலமைப்பின் எந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கோர வேண்டும் என்பவை அச்சிட்ட தாள்களாக வழங்கப்பட்டன. வாராந்தரக் கூட்டங்களில் போலி விசாரணைகளும் நடத்தப்பட்டன. இதன் காரணம் எளிது. கீழ் நீதிமன்றத்தில் எழுப்பப்படாத சட்டக் கேள்வியை மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது. ஊர் நீதிபதி தண்டனை விதிப்பார் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்த செய்தி. ஆனால் அங்கே பதிவேட்டில் சரியான சொற்கள் ஏறிவிட்டால், அந்தத் தோல்வியே உச்ச நீதிமன்றத்துக்கு ஏறும் முதற்படியாகிவிடும். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது விளங்கும்: பிழை தோன்றிய இடத்திலேயே அதைக் குறித்து வைக்காவிட்டால் பின்னர் எவராலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1940இல், தர்குட் மார்ஷல் கறுப்பின மக்களின் உரிமைக்காக ஒரு சட்டப் பாதுகாப்பு நிதியத்தை அமைத்தார். அவர் தம் வழக்குகளை நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். கோவிங்டனுக்கோ வழக்குகள் தாமாகவே வந்து குவிந்தன. அவற்றுள் எதை மேலே கொண்டு செல்வது என்பதே அவருடைய தேர்வாக இருந்தது.

கேன்ட்வெல் வழக்கு (1940)

கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் காசியஸ் தெரு என்றொரு தெரு உள்ளது. அப்போது அங்கு வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் கத்தோலிக்கர். 1938இல் நியூட்டன் கேன்ட்வெல் என்பவரும் அவருடைய இரு மகன்களும் கையில் இசைத்தட்டுப் பெட்டியுடன் அங்கு சென்றனர். அவர்கள் போட்டுக் காட்டிய இசைத்தட்டு கத்தோலிக்கத் திருச்சபையைக் கடுமையாகத் தாக்கிப் பேசியது. வழியில் நின்று அதைக் கேட்ட இருவர் சினம் கொண்டனர். மகன்களில் ஒருவர் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிட்டார். எனினும் அனுமதிச் சான்றிதழ் இன்றி நன்கொடை கேட்டதாகவும் அமைதியைக் குலைத்ததாகவும் அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தில் கோவிங்டன் வாதாடினார். அப்போது அவருக்கு வயது 29. மே 20, 1940 அன்று நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எது சமயம், எது சமயம் அன்று எனத் தீர்மானித்துச் சான்றிதழ் தரும் அதிகாரம் ஓர் அரசு அலுவலரிடம் இருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் ஒரு கூறு. இதனினும் முக்கியமான கூறு ஒன்றுண்டு. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் நடுவண் நாடாளுமன்றத்தை மட்டுமே கட்டுப்படுத்தும் வகையில் எழுதப்பட்டது. அதில் உள்ள சமயச் சுதந்திரம் பதினான்காம் திருத்தத்தின் வழியாக மாநிலங்களையும் ஊராட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில்தான் தெளிவாக நிறுவியது. ஓர் ஊராட்சி மன்றம் சமயச் சுதந்திரத்தில் தலையிடும்போது, பாதிக்கப்பட்ட எவரும், அவர் எச்சமயத்தவராயினும், உச்ச நீதிமன்றம் வரை செல்வதற்கு இது வழிவகுத்தது.

கொடி வணக்கம்

இவ்வெற்றி நிலைத்தது இரு கிழமைகளே. பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில், 1935இல், 12 வயதுச் சிறுமியும் அவளுடைய 10 வயதுத் தம்பியும் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தனர். கொடியை வணங்குவது உருவ வழிபாட்டுக்கு ஒப்பானது என்பது அவர்களின் சமய நம்பிக்கை. அக்காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் கொடி வணக்கம் வலது கையை நீட்டிச் செய்யப்பட்டது. அது இட்லரின் நாசி வணக்கத்தை ஒத்திருந்தது. செருமனியில் அந்த வணக்கத்தைச் செய்ய மறுத்ததற்காக இதே சமயப் பிரிவினர் தண்டிக்கப்பட்டுவந்தனர். மைனர்ஸ்வில் பள்ளி இரு குழந்தைகளையும் நீக்கியது. கோபிட்டிஸ் வழக்கு எனப்படும் இதில் ரதர்ஃபோர்டே உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். ஜூன் 3, 1940 அன்று எட்டு நீதியரசர்கள் பள்ளியின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் ஃபீலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர். மாறுபட்டவர் ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டுமே.

ஐரோப்பாவில் பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கொடியை வணங்காதோர் எதிரியின் ஒற்றர் என்ற பேச்சு பரவியது. ஜூன் 9 அன்று மெயின் மாநிலத்தின் கென்னபங்க் நகரில் இவர்களின் வழிபாட்டு மன்றம் எரிக்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் நகரில் சிலரைப் பிடித்து வைத்து, வலுக்கட்டாயமாக ஆமணக்கு எண்ணெய் குடிக்கச் செய்தனர். அதில் அவ்வூரின் சட்ட அலுவலர்களுக்கே பங்கிருந்தது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியத்தின் கணக்குப்படி அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,500 பேர் தாக்கப்பட்டனர். பள்ளிகளில் இருந்து நீக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 1943க்குள் 2,000ஐக் கடந்தது. ஒரு தீர்ப்பின் சொற்கள் தெருவில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் இதைப் போன்ற சான்று அரிது.

ஜனவரி 1942இல் ரதர்ஃபோர்ட் இறந்தார். நேதன் நார் தலைவரானார். கோவிங்டன் துணைத் தலைவரானார். 1945இல், இப்பதவிகளில் இருப்போர் விண்ணுலக நம்பிக்கை கொண்ட சிறு குழுவினராக இருப்பதே முறை என்றும், தாம் அக்குழுவைச் சார்ந்தவர் அல்லர் என்றும் கூறி, அவர் துணைத் தலைவர் பதவியில் இருந்து விலகிக்கொண்டார். சட்டப் பணியைத் தொடர்ந்தார்.

தோல்விகளும் ஒரு மாறுபட்ட தீர்ப்பும்

1941, 1942 ஆண்டுகள் கோவிங்டனுக்கு நல்லவையாக அமையவில்லை. ஊர்வலத்துக்கு முன் அனுமதி கேட்கும் விதி செல்லும் என்று காக்ஸ் வழக்கில் (1941) நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. நியூ ஹாம்ப்சயரில் நகரக் காவல் அதிகாரியை முகத்துக்கு நேரே திட்டிய சாப்ளின்ஸ்கி என்பவரின் வழக்கிலும் (1942) ஒருமனதாகவே தோற்றார். கேட்பவரை உடனே சண்டைக்குத் தூண்டும் சொற்களுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்ற கோட்பாடு இவ்வழக்கில் பிறந்தது. பேச்சுரிமையை விரித்தவராக அறியப்படும் ஒருவரின் தோல்வி, அதன் எல்லைக்கோடாகப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது.

ஜூன் 1942இல் ஓபிலைக்கா வழக்கு வந்தது. நூல் விற்போரிடம் உரிமக் கட்டணம் வாங்கும் ஊர் விதிகள் சமய நூல்களுக்கும் பொருந்தும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் மாறுபட்டவர்களில் மூவர் (ஹியூகோ பிளாக், வில்லியம் டக்ளஸ், ஃபிராங்க் மர்ஃபி) வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் செய்தனர். இரண்டாண்டுகளுக்கு முன் கோபிட்டிஸ் வழக்கில் பெரும்பான்மையுடன் தாங்கள் சேர்ந்தது தவறு என்று, யாரும் கேட்காமலேயே, எழுதி வைத்தனர். முன்பே மாறுபட்டிருந்த ஸ்டோன் இப்போது தலைமை நீதியரசர். ஆக நால்வர் ஆயிற்று. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஜேம்ஸ் பர்ன்ஸ் பதவி விலக, 1943இன் தொடக்கத்தில் வைலி ரட்லெட்ஜ் அவ்விடத்துக்கு வந்தார். கோவிங்டன் இக்கூட்டலைச் செய்யத் தவறவில்லை. ஓபிலைக்கா வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு கோரினார், நீதிமன்றம் இசைந்தது.

1943

மே 3, 1943 அன்று பல தீர்ப்புகள் ஒருசேர வெளியாயின. பென்சில்வேனியாவின் ஜெனெட் நகரம் வீடு வீடாக விற்போரிடம் ஒரு நாளைக்கு ஒன்றரை டாலர், ஒரு வாரத்துக்கு ஏழு டாலர் எனக் கட்டணம் வசூலித்துவந்தது. மர்டாக் வழக்கில் எட்டு மனுக்கள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. அரசியலமைப்பு வழங்கிய உரிமையைத் துய்ப்பதற்கு வரி விதிக்கக் கூடாது என ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. ஓபிலைக்கா தீர்ப்பும் அன்றே நீக்கப்பட்டது. துண்டறிக்கை தருவதற்காக வீட்டு மணியை அழுத்துவதைக் குற்றமாக்கிய ஒகையோவின் ஸ்ட்ரதர்ஸ் நகர விதியும் வீழ்ந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் குருத்தோலை ஞாயிறன்று நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் கார்களில் ஜெனெட்டுக்கு வந்து இறங்கி, 16,000 பேர் வாழும் அந்நகரை வீடு வீடாகச் சுற்றினர். மறுத்த வீட்டுக்கே மீண்டும் சென்றனர். வழிபாட்டு நாளில், தம் சமயத்தைப் பழிக்கும் ஒலித்தட்டைத் தம் வாசலிலேயே கேட்க நேர்ந்தவர்களின் எரிச்சலை நீதியரசர் ராபர்ட் ஜாக்சன் விரிவாக எழுதினார். அவர் அன்று கோவிங்டனின் பக்கம் இல்லை.

அதே ஜாக்சன்தான் சரியாக ஆறு கிழமைகள் கழித்து பார்னெட் வழக்கின் தீர்ப்பை எழுதினார். மேற்கு வர்ஜீனியாவின் கல்வி வாரியம் ஜனவரி 1942இல் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. மறுக்கும் குழந்தை பள்ளியில் இருந்து நீக்கப்படும். நீக்கப்பட்டதால் பள்ளிக்கு வராத குழந்தையாகக் கருதப்படும். பெற்றோருக்கு 50 டாலர் தண்டமும் 30 நாள் சிறையும் விதிக்கப்படலாம். குழந்தையைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பும் அச்சுறுத்தலும் இருந்தது. அக்டோபர் 1942இல், ஜான் பார்க்கர் தலைமையிலான மூவர் ஆயம், கோபிட்டிஸ் தீர்ப்பு நடைமுறையில் இருந்தபோதே அதைப் பின்பற்ற மறுத்துக் குழந்தைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. கீழ் நீதிமன்றம் ஒன்று அவ்வாறு துணிவது மிக அரிது. மேல்முறையீட்டில் கோவிங்டன் மார்ச் 1943இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். குடியுரிமைகள் ஒன்றியமும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு ஒன்றும் அவருக்கு ஆதரவாகத் தனி மனுக்களைத் தாக்கல் செய்தன.

ஜூன் 14, 1943 அன்று, அமெரிக்கர்கள் கொடி நாளாகக் கொண்டாடும் நாளில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கோபிட்டிஸ் தீர்ப்பு தூக்கி எறியப்பட்டது. கோவிங்டன் கேட்டது சமய நம்பிக்கைக்கான விலக்கு. ஜாக்சன் அளித்தது அதனினும் பெரிது. சமயக் காரணம் இருப்பினும் இல்லாவிடினும், எவரையும் தாம் நம்பாத ஒன்றை வாயாலோ சைகையாலோ உறுதிமொழியும்படி அரசு கட்டாயப்படுத்த இயலாது என்று அவர் தீர்ப்பை அமைத்தார். அப்போது அமெரிக்கா இரண்டாம் உலகப் போரின் நடுவில் இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பிராங்க்ஃபர்ட்டர் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு ஒன்றை எழுதினார். தம் சொந்த யூதப் பின்னணியைச் சுட்டியே அதைத் தொடங்கிய அவர், நீதியரசரின் தனிப்பட்ட விருப்பு சட்டமாகக் கூடாது என்று வாதிட்டார்.

பிற வழக்குகள்

1944இல் பிரின்சு வழக்கில் கோவிங்டன் தோற்றார். ஒன்பது வயதுச் சிறுமி தன் காப்பாளருடன் மாலையில் தெருவில் நின்று இதழ்களை வழங்கியது குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குப் புறம்பானது என நீதிமன்றம் கருதியது. சமயத்தின் பெயரால் குழந்தையின் நலனைப் பெற்றோர் மீற இயலாது என்ற கருத்துக்கு இன்றளவும் இவ்வழக்கே மேற்கோளாகிறது. 1946இல் மார்ஷ் வழக்கில் வென்றார். அலபாமாவின் சிக்கசா ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமானது. தெருவே தனியார் சொத்தாயினும், ஊராக இயங்கும் இடத்தில் பேச்சுரிமை செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

போர்க்காலத்தில் கட்டாயப் படைச்சேவையை மறுத்துச் சிறை சென்ற ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் சாட்சிகளே. தங்களில் ஒவ்வொருவரும் சமயப் போதகர் என்பதால் சட்டப்படி விலக்கு உண்டு என்பது அவர்களின் வாதம். 1944இல் ஃபால்போ வழக்கில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. 1946இல் எஸ்டெப் வழக்கில், படைச்சேவை வாரியத்தின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி ஓரளவு திறந்தது. 1953இல் டிக்கின்சன் வழக்கில், பகுதி நேரம் வேறு வேலை பார்ப்பவரும் போதகராகலாம் என்று ஏற்கப்பட்டது. 1954இல் கோவிங்டன் எடின்பரோ சென்று, ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றில் சாட்சியம் அளித்தார்.

நீதிமன்றத்தில் பளிச்சென்ற உடையும் உரத்த குரலும் பெரிய கையசைவுகளும் அவருடைய அடையாளங்களாக இருந்தன என்று அக்காலத்தைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

முகமது அலி

தலைவர் நாருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டை அடுத்து 1963இல் கோவிங்டன் தலைமையகத்தை விட்டு நீங்கித் தனியாகத் தொழில் செய்தார். சில ஆண்டுகளில், காசியஸ் கிளே என்ற பெயரை விடுத்து முகமது அலி ஆகியிருந்த குத்துச்சண்டை வீரர் அவரை அமர்த்திக்கொண்டார். (அவருடைய முதல் பெரிய வழக்கும் ஒரு காசியஸ் தெருவில்தான் தொடங்கியது.) சாட்சிகளுக்காகக் கட்டிய வாதத்தையே கோவிங்டன் இங்கும் எடுத்தார்: அலி இசுலாமிய தேசம் அமைப்பின் போதகர், ஆதலால் விலக்கு உண்டு. ஏப்ரல் 28, 1967 அன்று ஹூஸ்டனில் அலி படையில் சேர மறுத்தார். ஜூன் 20 அன்று நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனக் கண்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. பின்னர் அலி வேறு வழக்கறிஞர்களை நாடினார். தமக்குரிய கட்டணம் வரவில்லை என்று கோவிங்டன் வழக்குத் தொடுத்தார். கட்டணமே வாங்காமல் கால் நூற்றாண்டு வாதாடியவருக்கு இப்படி ஒரு முடிவு. ஜூன் 28, 1971 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்குச் சுழியம் என்ற கணக்கில் அலியின் தண்டனையை நீக்கியது. ஆயினும் அது போதகர் என்ற வாதத்தின்மேல் எழுந்த தீர்ப்பன்று.

கோவிங்டன் நவம்பர் 21, 1978 அன்று, தமது 67ஆம் வயதில் காலமானார்.

பின்வந்த தீர்ப்புகள்

1990இல் ஸ்மித் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சமய விலக்குகளை வெகுவாகச் சுருக்கியது. அப்போதும் கேன்ட்வெல், மர்டாக் தீர்ப்புகளை அது நீக்கவில்லை. அவற்றில் சமயத்துடன் பேச்சுரிமையும் சேர்ந்திருந்தது என்று கூறித் தனியே ஒதுக்கி வைத்தது. அதே தீர்ப்பு, கைவிடப்பட்ட கோபிட்டிஸ் தீர்ப்பையும் தனக்குத் துணையாக எடுத்தாண்டது வியப்பானது. 2002இல் ஒகையோவின் ஸ்ட்ராட்டன் என்ற சிற்றூர் வீடு வீடாகச் செல்வோர் அனுமதி பெற வேண்டும் என்று விதித்தபோது, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவ்விதி வீழ்ந்தது. மனுதாரர் காவற்கோபுரக் கழகமே.

இந்தியாவில் இவ்வழக்குகள் எதிரொலித்தது கேரளத்தின் பிஜோ இம்மானுவேல் வழக்கில். இதே சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் நாட்டுப்பண் பாடப்படும்போது எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. ஜூலை 1985இல் அவர்கள் பள்ளியில் இருந்து நீக்கப்பட்டனர். கேரள உயர் நீதிமன்றம் அவர்களுக்கு உதவவில்லை. ஆகஸ்ட் 11, 1986 அன்று, நீதியரசர்கள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம் கோபிட்டிஸ், பார்னெட் ஆகிய இரு அமெரிக்கத் தீர்ப்புகளையும் ஆராய்ந்தது. நாட்டுப்பண்ணைப் பாடியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கூறவில்லை என்றும், மரியாதையுடன் எழுந்து நிற்பவர் அதை அவமதித்தவர் ஆகார் என்றும் அது முடிவு செய்தது. அரசியலமைப்பின் 19, 25 ஆகிய உறுப்புகளின்கீழ் குழந்தைகளின் உரிமை மீறப்பட்டதாகக் கண்ட ஆயம், அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவும் தடையின்றிப் படிக்க வசதி செய்து தரவும் ஆணையிட்டது.